ஹாரி பக்கும் நமது டிரில் மாஸ்டர்களும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உள்ள வளவனூரில், மாலை ஐந்து மணிக்குச் சற்று நேரம் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வீட்டில் பையை எறிந்துவிட்டு ஏரிக்கரைக்கோ களத்துமேட்டுக்கோ ஓடுவதில்லை. முதுகிலிருந்து பையை இறக்காமலே சைக்கிளில் ஏறி டியூஷன் வகுப்புக்குப் போகிறார்கள். இது வளவனூருக்கு மட்டும் உரிய காட்சியன்று. திண்டிவனத்திலும் இதுவே, திருநெல்வேலியிலும் இதுவே. பள்ளிகளின் கால அட்டவணையில் தேகப்பயிற்சிக்கென்று வாரத்தில் ஓரிரண்டு பீரியட் எழுதப்பட்டிருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொதுத் தேர்வு நெருங்க நெருங்க அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்கிறார். மறுவாரம் விஞ்ஞான வாத்தியார் கேட்கிறார். தேகப்பயிற்சி வாத்தியார் கொடுத்துவிடுகிறார். கொடுத்த கடன் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. குறிப்பிட்ட எந்தப் பள்ளியையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

அவர் ஏன் கொடுத்துவிடுகிறார்? மறுத்துச் சொல்லும் நிலைமையில் அவர் இல்லை. உபாத்தியாயர்கள் கூடியிருக்கும் அறையில் அவருடைய நாற்காலி கடைசி நாற்காலி. பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவதும், விழா நாட்களில் கூட்டத்தை அடக்குவதும், தாமதமாக வருகிறவர்களைக் கேட்டிலே மறிப்பதுமே அவருடைய உத்தியோகம் என்று ஊர் நினைக்கிறது. அந்த நாற்காலியைச் சிறிது முன்னே நகர்த்துவதற்காகத் தம் ஆயுளில் இருபத்துநான்கு ஆண்டுகளை இந்நாட்டில் செலவிட்ட ஓர் அமெரிக்கரைப் பற்றி இன்று எழுத விரும்புகிறோம். ஹாரி க்ரோ பக் என்பது அவர் பெயர். தேகப்பயிற்சித் துறையில் இருப்போர் அனைவரும் அந்தப் பெயரை அறிவார்கள். மற்றவர்கள், முக்கியமாக நம்மைப் போன்ற அரசியல் பேசுகிறவர்கள், அதை மறந்துவிட்டோம்.

பக் வருவதற்கு முன் நமது பள்ளிகளில் தேகப்பயிற்சி இருந்த நிலைமையை முதலில் சொல்ல வேண்டும். 1882இல் நியமிக்கப்பட்ட ஹண்டர் கமிஷன், பள்ளிப் பிள்ளைகளின் சரீர வளர்ச்சிக்கு நாட்டு ஆட்டங்களையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் டிரில்லையும் ஊக்குவிக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. நாட்டு ஆட்டங்கள் என்ற சொல்லைக் கமிஷனே முதலில் வைத்திருந்தும், பள்ளிக்கூடங்களுக்குள் வந்து சேர்ந்தது டிரில் ஒன்றுதான். அதற்குக் காரணம் எளிது. டிரில்லுக்குப் பந்து வேண்டாம், மைதானம் கூட அதிகம் வேண்டாம்; பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த ஒரு ஹவில்தார் இருந்தால் போதும். அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். இடது, வலது என்று இங்கிலீஷில் கத்தினார். பிள்ளைகள் காலை உதைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளையின் எலும்பு எப்படி வளர்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஓட்டம் தாங்கும் என்பதெல்லாம் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் யாரும் கற்பிக்கவில்லை. சொன்ன சொல்லுக்கு அசையும் கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்துவதே பயிற்சியின் பலன் என்று சர்க்காரும் நினைத்தது. அன்னிய ஆட்சிக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

பள்ளிக்கு வெளியிலோ வேறு உலகம் இருந்தது. கோடையில் ஏரி வற்றினால் சடுகுடு, நிலாக் காலத்தில் கிளித்தட்டு, தெருவெல்லாம் கிட்டிப்புள்ளும் பச்சைக்குதிரையும், திருவிழாவில் சிலம்பம். மூச்சையும் காலையும் கண்ணையும் ஒருங்கே பழக்கும் இந்த ஆட்டங்களைப் படித்தவர்கள் காலிப் பையன்களின் வேலை என்று தள்ளி வைத்தார்கள். ஆடினால் உதை, படித்தால் உத்தியோகம் என்பது வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடம் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

பக் 1884ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள பெருந்துறைமுகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சஸ்க்வெஹானா நதிக்கரையிலுள்ள சிறு கிராமம். அவர் பயிற்சி பெற்றது ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கலாசாலையில். அந்தக் கலாசாலையைப் பற்றி ஒரு வார்த்தை அவசியம். லூதர் குலிக் என்ற வைத்தியர் அங்கே ஆசிரியராயிருந்தார். தேகம், மனம், ஆன்மா என்ற மூன்று பக்கமுள்ள முக்கோணத்தைச் சங்கத்தின் சின்னமாக 1891இல் வகுத்தவர் அவரே. பனிக்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியர் அதே ஆண்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அங்கே படித்துச் சென்ற வில்லியம் மார்கன் 1895இல் ஹோலியோக்கில் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். நமது ஊர்ப் பள்ளிகளிலும் போலீஸ் மைதானங்களிலும் இன்று ஆடப்படும் வாலிபால் அதுவே. ஆட்டம் என்பது யோசித்து உண்டாக்கக் கூடிய ஒன்று, இன்ன வயதினருக்கு இன்ன பலனுக்கென்று அமைக்கக் கூடிய ஒன்று என்ற எண்ணம் வேரூன்றிய இடத்தில் பக் படித்தார். நமது நாட்டில் அப்பொழுது பாடத்தைக் கூட யாரும் அவ்விதம் யோசித்து அமைத்ததில்லை.

அவர் சென்னைக்கு வந்தது 1919இல். எப்படிப்பட்ட ஆண்டு அது என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும் அந்த ஆண்டுக்கு உரியவை. அடுத்த ஆண்டு ஒத்துழையாமைத் தீர்மானம். சர்க்கார் பள்ளிகளையே பகிஷ்கரிக்கும்படி காங்கிரஸ் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்ட அதே 1920இல், பிள்ளைகளின் தேகத்தைப் பழக்கும் உபாத்தியாயர்களுக்கென்று பக் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வெள்ளைக்காரர், கிறிஸ்தவ ஸ்தாபனத்தின் ஊழியர், சர்க்காருடன் ஒத்துப்போகிறவர். தேசாபிமானிகள் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்திருந்தால் நாம் குறை சொல்ல மாட்டோம். அன்றைய நிலைமையில் நாமும் அப்படியே பார்த்திருப்போம்.

ஆனால் தேசபக்தர்களும் அக்காலத்தில் தேகபலத்தைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. வளவனூர் வழியாகச் செல்லும் ரயில் முடிகிற புதுச்சேரியில் 1910 முதல் வ. வே. ஸு. அய்யர் தங்கியிருந்தார். அவர் இளைஞர்களைச் சேர்த்துத் தேகப்பயிற்சி கற்பித்த கதை நம் பக்கத்தில் பலரும் கேட்டதே. பின்னர் 1922இல் அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலும் உடலுழைப்புக்கும் பயிற்சிக்கும் இடமிருந்தது. 1923இல் காக்கிநாடா காங்கிரஸின்போது டாக்டர் ஹர்டிகர் முயற்சியால் ஹிந்துஸ்தானி சேவா தளம் ஏற்பட்டது. இவையெல்லாம் உயர்ந்த முயற்சிகள். எனினும் ஒரு வித்தியாசத்தை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அய்யரும் ஹர்டிகரும் போருக்கு ஆள் தயார் செய்தார்கள். ஏற்கெனவே நெஞ்சில் கனல் உள்ள வாலிபர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், மெலிந்த, கூச்சமுள்ள, எந்தப் படையிலும் சேராத பிள்ளையைப் பற்றி நினைத்தவர் பக்.

அவருடைய பள்ளி தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக் கூடிய சில மாணவர்களையே கொண்டிருந்தது. கட்டடமும் நிலமும் பின்னால் வந்தன. சைதாப்பேட்டைக்கு அருகே, அடையாற்றங்கரையில், இன்று நந்தனம் என்று வழங்கும் இடத்தில் அது வேரூன்றி வளர்ந்தது. இத்துறையில் ஆசியாக் கண்டத்திலேயே முதலில் தோன்றிய கலாசாலை என்று பெயரும் பெற்றது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும், இலங்கை, பர்மா முதலிய இடங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அவருடைய துணைவியார் மேரி அம்மையாரும் உடனிருந்து உழைத்தார்.

அங்கே கற்பிக்கப்பட்டது என்ன என்பதில்தான் பக்கின் பெருமை இருக்கிறது. ஓடவும் தாண்டவும் பந்து எறியவும் மட்டும் கற்பித்து அனுப்பியிருந்தால், பட்டாளத்து ஹவில்தாருக்குப் பதிலாகக் கால்சட்டை போட்ட வேறொரு ஹவில்தாரை நாடு பெற்றிருக்கும். பக்கின் மாணவன் மைதானத்துக்கு இறங்குவதோடு புத்தகத்துக்கும் உட்கார வேண்டியிருந்தது. சரீர அமைப்பு, அவயவங்களின் வேலை, சுகாதாரம், முதலுதவி, பிள்ளைகளின் மனப்போக்கு, ஒரு பயிற்சியை எந்த முறையில் கற்பிப்பது என்பவையெல்லாம் பாடங்கள். உடம்பைப் பற்றிய அறிவும், அதைக் கற்பிக்கும் வித்தையும், தானே செய்து காட்டும் திறமையும் ஒருவனிடம் சேர்ந்தால்தான் அவன் உபாத்தியாயன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவனைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்பது பக்கின் கொள்கை. டிரில் மாஸ்டர் என்ற பெயருக்குப் பதிலாக ஆசிரியர் என்ற பெயர் இந்தத் துறைக்குக் கிடைத்தது இந்தக் கொள்கையினால்தான். பெயர் கிடைத்தது, மற்றவை கிடைத்தனவா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கலாசாலை நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியன் பள்ளிக்குப் போனால் அங்கே அவனுக்குப் பாடத்திட்டம் இல்லை. எந்த வகுப்புக்கு எதைக் கற்பிப்பது என்ற வரையறை இல்லை. ஆகவே உயர்தரப் பள்ளிகளுக்கு வகுப்பு வாரியாகப் பயிற்சிகளையும் ஆட்டங்களையும் வகுத்து ஒரு பாடத்திட்டப் புத்தகம் எழுதினார். பாடத்திட்டம் வந்த பிறகு ஆட்ட விதிகளைப் பற்றிய சச்சரவு. ஒரே பந்தாட்டத்துக்கு ஊருக்கொரு சட்டம். பந்தயம் சண்டையில் முடிவது வழக்கமாயிருந்தது. விதிகளையெல்லாம் தொகுத்து ஒரு நூலாக்கினார். பல பதிப்புகள் கண்ட அந்த நூல் வெகுகாலம் நாடெங்கும் மத்தியஸ்தர்களின் கையில் இருந்தது. 1929 முதல் வியாயாமம் என்னும் பெயரில் ஒரு பத்திரிகையும் கலாசாலையிலிருந்து வெளிவந்தது. ஸமஸ்கிருதப் பெயரை ஓர் அமெரிக்கர் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்க வேண்டும். சென்னை சர்க்காரும் தேகக் கல்வி விஷயத்தில் அவருடைய ஆலோசனையைப் பெற்றது. சர்க்கார் காரியம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை அவர் அப்போது நன்றாக அனுபவித்திருப்பார். அந்த அனுபவம் சுதேசிகளாகிய நமக்கு மட்டும் உரியதன்று.

நாட்டு ஆட்டங்களைப் பற்றி முன்பு சொன்னோம். மேல்நாட்டில் பயின்றவர் மேல்நாட்டு ஆட்டங்களையே கொண்டுவந்து திணிப்பார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கூடைப்பந்தும் கைப்பந்தும் வாலிபர் சங்கத்தாரால் இந்நாட்டில் பரவியவை என்பது உண்மையே. ஆனால் பக் இங்கே வந்து கண்களை மூடிக்கொள்ளவில்லை. இந்நாட்டுப் பயிற்சிகளையும் ஆட்டங்களையும் பரிசீலித்து, நல்லவற்றைத் தமது பாடத்திட்டத்தில் மேல்நாட்டு ஆட்டங்களோடு சமமாகச் சேர்த்தார். நமது படித்த வகுப்பார் தம் பிள்ளைகளை ஆடாதே என்று அடித்துக்கொண்டிருந்த ஆட்டங்களை ஓர் அன்னியர் பள்ளிக்கூடத்துப் பாடமாக்கினார் என்பதில் நமக்குச் சிறிது வெட்கமும் உண்டு. அக்காலத்தில் மராட்டிய நாட்டில் இதே வேலையை அந்நாட்டார் தாமே செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புனாவிலும் பரோடாவிலும் சடுகுடுவுக்கும் கோகோவுக்கும் விதிகள் வகுத்தார்கள். 1914இல் அமராவதியில் தோன்றிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியார் 1936இல் பெர்லினுக்கே சென்று நாட்டுப் பயிற்சிகளைச் செய்து காட்டினார்கள். கபடி என்ற பெயரில் சடுகுடு 1990இல் பீக்கிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றதற்கு விதை இந்த முயற்சிகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த விதையை நட நம்மவர் பலர் முன்வராதபோது பக் முன்வந்தார்.

1924ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் வெளியுலகம் அறிந்த ஆண்டு. ஸர் தொராப்ஜி டாட்டாவின் ஆதரவோடு அவ்வருஷம் தில்லியில் அகில இந்தியப் பந்தயங்கள் நடந்தன. அவற்றில் தேர்ந்த ஓட்டக்காரர்களையும் தாண்டுபவர்களையும் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு அழைத்துச் செல்லும் மானேஜராகப் பக் நியமிக்கப்பட்டார். பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்குமென்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1927இல், டாட்டாவைத் தலைவராகவும், வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் நோரனைக் காரியதரிசியாகவும் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. பாரிஸ் சென்ற கோஷ்டியில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல ஆசைப்படுகிறோம். தடை தாண்டி ஓடும் பந்தயத்தில் கலந்துகொண்ட மலையாளத்துக்காரரான ஸி. கே. லக்ஷ்மணன் பின்னாளில் வைத்தியராகி, சுதந்திர இந்தியாவில் சுகாதார சேவைகளின் டைரெக்டர் ஜெனரல் என்ற உயர்ந்த பதவியை வகித்தார். ஆடுகிற பிள்ளை படிக்க மாட்டான் என்று சொல்லும் பெற்றோர்கள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. பக்கின் வேலையில் குறையே இல்லை என்று சாதிப்பது நமது நோக்கமன்று. அவருடைய திட்டம் உயர்தரப் பள்ளிகளைக் கருதியது. மைதானமும், பந்துக்குப் பணமும், பயிற்சி பெற்ற ஆசிரியருக்குச் சம்பளமும் உள்ள இடங்களுக்கே அது பொருந்தியது. அக்காலத்தில் ஜில்லா போர்டின் ஆரம்பப் பள்ளியில், ஒரே கூரையின் கீழ் ஒரே வாத்தியார் நாலு வகுப்பை நடத்திய கிராமத்துக்கு அது எட்டவில்லை. பெண் பிள்ளைகளுக்கும் வெகுகாலம் எட்டவில்லை. இவற்றைவிடப் பெரிய விஷயம் பசி. காலையில் கஞ்சி கூடக் குடிக்காமல் வந்த பிள்ளையை ஓடச் சொல்வது பயிற்சியாகுமா, பாபமாகுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய காரியம் அதே சென்னையில், அதே 1920இல் நடந்தது என்பது ஓர் ஆச்சரியமான பொருத்தம். ஆயிரம் விளக்கிலிருந்த கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிப்பதற்கு 1920 செப்டம்பர் 16ந் தேதி நகரசபை தீர்மானித்தது. அப்பொழுது சபைத் தலைவராயிருந்தவர் ஸர் பிட்டி தியாகராய செட்டியார். அவர் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர். அவருடைய அரசியல் வேறு, நமது அரசியல் வேறு. அந்த வேற்றுமையை நாம் மறைக்கவில்லை. ஆனால் சிற்றுண்டி போட்ட பிறகு பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகை பெருகியது என்பதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது. ஆரம்பக் கல்விக்கான பணத்தை இதற்குச் செலவிடக் கூடாதென்று ஆட்சேபம் கிளம்பியதால் 1925இல் அது நின்றுபோய்ப் பின்னர் ஒருவாறு புதுப்பிக்கப்பட்டது. அந்த ஓரணாச் சிற்றுண்டியிலிருந்து ஸ்ரீ காமராஜர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கிளைத்தன. தியாகராயர் நட்டது இவ்வாறு ஆட்சி மாறினாலும் அழியாமல் பெருமரமாயிற்று. பக் அதே ஆண்டில் நட்டது ஏன் அவ்வாறு ஓங்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காரணம் ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. சோறு போட்டால் ஓட்டு உண்டு. ஆட விட்டால் ஓட்டு இல்லை. பசித்த பிள்ளை அழும். அதன் தாய் கேட்பாள். ஆடாத பிள்ளை அழுவதில்லை. தாயும் தந்தையும் அதை நல்ல பிள்ளை என்று மெச்சுகிறார்கள். ஆகவே தேகக் கல்விக்கென்று தெருவில் இறங்கிக் கேட்பவர் யாருமில்லை. நாம் உள்பட, எந்தக் கட்சியும் எந்தப் பத்திரிகையும் அதற்காக ஒரு கூட்டம் போட்டதாக நினைவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் ஸ்தாபனங்கள் வளராமல் இல்லை. 1957இல் குவாலியரில் ராணி லக்ஷ்மிபாயின் பெயரால் மத்திய சர்க்கார் தேகக் கல்விக் கலாசாலை ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இத்துறைக்கென்று தனிப் பல்கலைக்கழகமே ஏற்பட்டது. பட்டம் பெற்றவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். எனில் அவர்கள் எங்கே போகிறார்கள்? 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பார்த்தால் விடை தெரியும். பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று அந்தச் சட்டம் சொல்கிறது, அது நன்று. ஆனால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், விஞ்ஞானமும் கணக்கும், சமூக பாடமும், மொழியும் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டுமென்று விதித்த அதே அட்டவணை, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில், ஓவியம், சுகாதாரமும் தேகப்பயிற்சியும், கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் போதகர்கள் போதுமென்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் என்ற சொல் கூட அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. நூறு பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிக்கு அந்தப் போதகரும் இல்லை. நமது ஜில்லாவின் கிராமங்களில் எத்தனை நடுநிலைப் பள்ளிகள் அந்த நூற்றைத் தாண்டும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

தமிழ்நாட்டில் 2012இல் இவ்வாறு 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். தேகப்பயிற்சி, ஓவியம், இசை, தையல், கணினி என்று பல துறையினர் அதில் அடங்குவர். பிற்பாடு ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தது. தங்களை நிரந்தரமாக்க வேண்டுமென்று அவர்கள் சென்னையில் பலமுறை கூடி மறியல் செய்ததும் கைதானதும் பத்திரிகைகளில் வந்தன. வாரத்தில் மூன்று அரை நாட்கள் வந்து போகிற ஒருவர், கணக்கு வாத்தியார் பீரியட் கேட்கும்போது எப்படி மறுப்பார்? மறுக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதே நியாயமன்று. பக் அகற்றப் பாடுபட்ட கடைசி நாற்காலியைச் சட்டமே மறுபடி கொண்டுவந்து போட்டுவிட்டது. அதுவும் பாதி நாற்காலி!

பணமில்லை என்ற பதிலை நாம் எதிர்பார்க்கிறோம். பணத்தைப் பற்றிப் பேசுவதானால் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தினம் சராசரி அறுபது நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் மறுபடியும் வற்புறுத்தியது. வாரத்துக்கு ஏழு மணி நேரம். பள்ளியில் உள்ள ஓரிரு பீரியட் முழுவதும் தவறாமல் நடந்தால் கூட அதில் நாலில் ஒரு பங்கு தேறாது. மிகுதியை ஈடுசெய்து வந்தது தெருவும் ஏரியும் களத்துமேடும். அவையும் இப்பொழுது இல்லை. தெருவை மோட்டார் எடுத்துக்கொண்டது. மாலையை டியூஷன் எடுத்துக்கொண்டது. மிச்ச நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. நாற்பது வயதில் சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து கொடுப்பதற்குச் சர்க்கார் வீடு வீடாக ஊழியர்களை அனுப்புகிறது. பன்னிரண்டு வயதில் ஓடவிடுவதற்கு ஒரு முழு ஆசிரியரை அனுப்பினால் செலவு அதைவிடக் கூடுமா?

பக் தொடங்கிய கலாசாலைக்கு 2020இல் நூறாண்டு நிறைந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயினால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் அடைபட்டன. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் முதல் தேதியில். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். திறந்தபோது நாட்டில் எழுந்த கவலை பாடம் எவ்வளவு பின்தங்கிற்று என்பதே. எழுத்தும் கணக்கும் மறந்த பிள்ளைகளுக்கு மாலையில் தன்னார்வலர்களைக் கொண்டு வகுப்பு நடத்தச் சர்க்கார் ஏற்பாடு செய்தது. அதை நாம் பாராட்டுகிறோம். ஓட மறந்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

நாம் கோருவது பெரிதல்ல. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கூட, தேர்வு மாதம் உள்பட, தேகப்பயிற்சிப் பீரியடை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாதென்ற உத்தரவு ஏட்டில் நில்லாமல் நடைமுறைக்கு வர வேண்டும். நூறு என்ற எல்லையைக் கைவிட்டு, பக்கத்துப் பக்கத்துச் சிறு பள்ளிகள் இரண்டு மூன்றுக்குச் சேர்த்தாவது ஒரு முழுநேர ஆசிரியரை நியமிக்கலாம். வளவனூரைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளிலிருந்தே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். மைதானம் இல்லாவிட்டால் ஏரிக்கரை இருக்கிறது. சடுகுடுவுக்குக் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். பஞ்சாயத்துத் தலைவர்களும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பதவி வகிக்கும் நமது நண்பர்களும் அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தையாவது கேட்க வேண்டும்.

பக் 1943இல் தமது ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், வங்காளத்தில் பஞ்சம். தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவருடைய மரணம் பெரிய எழுத்தில் வரக்கூடிய காலமன்று. சென்னைப் புத்தகக் காட்சி பல ஆண்டுகள் அவருடைய கலாசாலையின் நந்தனம் மைதானத்தில் நடந்திருக்கிறது. விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலேறிச் சென்று கைகொள்ளாமல் புத்தகம் வாங்கி வந்த நம் வாசகர்கள் பலர், பந்தலுக்கு அப்பால் ஓடிப் பழகிக்கொண்டிருந்த வாலிபர்களைப் பார்த்திருப்பார்கள். அந்த மண் யார் சமன்படுத்திய மண் என்று இனிப் போகும்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.